ஜெல் நகத்தில் கல் பதிக்க எது உகந்தது? நகப் பசை முதல் அக்ரிலிக் வரை ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் நடக்கும் நம்மவர் திருமணங்களில் பட்டுச் சேலை, மருதாணி, மல்லிகைச் சரம் ஆகியவற்றோடு கல் பதித்த ஜெல் நகமும் இப்போது சேர்ந்துகொண்டுவிட்டது. மணப்பெண்ணோடு நின்றுவிடாமல் நாத்தனார், சித்தி, மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதியாண்டின் நடன விருந்துக்குத் தயாராகும் மாணவி என்று எல்லோரும் ஒரு விரலிலாவது இரண்டு கற்கள் வேண்டும் என்கிறார்கள். கூடவே எல்லோரும் கேட்கும் கேள்வி, “எந்தப் பசை நன்றாகப் பிடிக்கும்?” என்பது. டர்பனில் நக ஒப்பனைத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில், அதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நகப் பசை, டாப் கோட் (நகத்தில் கடைசியாக இடும் மேல்பூச்சு), ஸ்டோன் ஜெல், பில்டர் ஜெல், அக்ரிலிக் என்னும் ஐந்து வழிகளுக்கும் உரிய இடம் உண்டு. இடம் மாறினால் ஐந்துமே இரண்டு நாளில் கைவிட்டுவிடும். கல் எவ்வளவு பெரியது, அதன் அடியில் ஜெல்லை இறுக்கும் விளக்கின் ஒளி போய்ச் சேருமா, அது எத்தனை நாள் இருக்க வேண்டும், அந்தக் கை அன்றாடம் என்ன வேலை செய்கிறது என்ற நான்கையும் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க முடியும். இந்த நான்கில் ஒளியைப் பற்றிய கேள்விக்கே நான் முதலிடம் தருவேன். அதைத்தான் பெரும்பாலோர் கேட்பதேயில்லை.

முதலில் கல்லைப் பார்ப்போம். நகத்துக்கென்று விற்கப்படும் கற்கள் பெரும்பாலும் அடிப்பக்கம் தட்டையானவை. அளவை எஸ்.எஸ். என்ற குறியோடு ஓர் எண்ணால் குறிப்பார்கள். எஸ்.எஸ். 3 ஏறத்தாழ 1.4 மி.மீ., எஸ்.எஸ். 5 சுமார் 1.8 மி.மீ., எஸ்.எஸ். 10 சுமார் 2.8 மி.மீ., எஸ்.எஸ். 16 சுமார் 4 மி.மீ., எஸ்.எஸ். 20 சுமார் 4.7 மி.மீ. விட்டமுள்ளவை. நகமோ வளைந்தது. வளைந்த பரப்பின்மேல் தட்டையான அடியை வைத்தால் நடுவில் ஒரு கோடாகத் தொட்டுக்கொண்டு இருபுறமும் இடைவெளி விழும். எஸ்.எஸ். 5 வரை அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது, எஸ்.எஸ். 16-ஐத் தாண்டும்போது ஒரு முடி நுழைந்து சிக்கும் அளவுக்கு அது அகலமாகிவிடும். சிறு கல்லை ஒட்டினால் போதும், பெரிய கல்லைப் பதிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. மோதிரத்தில் கல்லைப் பிடித்து நிறுத்துவது அதைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்புதான். நகத்தில் பெரிய கல்லுக்கும் அப்படியொரு விளிம்பு தேவைப்படுகிறது.

கல் எதனால் ஆனது என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டை தீட்டிய கண்ணாடிக் கற்களும் உண்டு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கற்களும் உண்டு. ஆஸ்திரியாவின் வாட்டென்ஸ் ஊரில் 1895-இல் தொடங்கிய ஸ்வரோவ்ஸ்கியும், செக் நாட்டின் பிரெசியோசாவும் கண்ணாடிக் கற்களுக்குப் பெயர் பெற்றவை. ஸ்வரோவ்ஸ்கி 2020-களின் தொடக்கத்தில் கைவினைக் கடைகளுக்கு உதிரிக் கற்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டதால் இப்போது பிரெசியோசாவும் பெயரில்லாத சீனக் கண்ணாடிக் கற்களுமே எளிதாகக் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் கல் மலிவு, எடையும் குறைவு. ஆனால் நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் பட்டவுடன் மங்கிக் குழைந்துவிடும், சில நாளில் கீறலும் விழும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் துணியில் ஒட்டுவதற்கான கற்களும் அதே அலமாரியில்தான் கிடக்கும். அவற்றின் அடியில் சூட்டில் உருகும் பசை பூசியிருப்பார்கள். நகத்தில் அந்தப் பசையால் பயனில்லை, அதன்மேல் ஜெல்லும் சரியாகப் பற்றாது. ஆகவே பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

இனி ஒளி. கண்ணாடிக் கற்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ரசம் பூசியிருக்கும். மேலிருந்து வரும் ஒளியை ரசம் திருப்பி அனுப்புவதால்தான் கல் மின்னுகிறது. அதே ரசம்தான் விளக்கின் ஒளியையும் கீழே போகவிடாமல் மறிக்கிறது. ஜெல் என்பது காற்றில் உலரும் பூச்சு அன்று. 365 முதல் 405 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா, ஊதா ஒளியைப் பெற்று, அதில் கலந்துள்ள ஒளித்தூண்டி வேலை செய்தால் மட்டுமே அது இறுகும். ரசம் பூசிய கல்லின் நட்டநடுவில் இருக்கும் ஜெல்லுக்கு மேலிருந்து ஒளியே கிடையாது. பக்கவாட்டில் கசிந்து வருவதுதான் கிடைக்கும். எஸ்.எஸ். 5 கல்லுக்கு விளிம்பிலிருந்து நடுவரை ஒரு மில்லிமீட்டரும் இல்லை என்பதால் அந்தக் கசிவே போதுமானது. எஸ்.எஸ். 20 கல்லிலும், அதைவிடப் பெரிய நீர்த்துளி வடிவக் கற்களிலும் நடுப்பகுதி பல நாள் கழித்தும் பிசுபிசுப்பாகவே இருக்கக்கூடும். விளிம்பு கெட்டியாகிவிடுவதால் மேலே விரலால் தடவிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இந்த அடிப்படையில் ஐந்து வழிகளையும் எடைபோடலாம்.

நகப் பசை என்று சிறு குப்பியில் கிடைப்பது சயனோஅக்ரிலேட். காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம் பட்டதும் சில நொடிகளில் அது இறுகிவிடும். விளக்கே வேண்டாம் என்பதால் ரசம் மறிக்கும் சிக்கலும் இல்லை. வீட்டில் செய்பவர்களுக்கு இது முதலில் கைக்கு வருவதில் வியப்பில்லை. அதன் குறைகள் பிறகே தெரியவரும். இறுகிய சயனோஅக்ரிலேட் கண்ணாடித் துண்டு போல் முறுகலானது. நேராக இழுத்தால் தாங்கும், பக்கத்திலிருந்து நெம்பினாலோ தட்டினாலோ சட்டென்று விட்டுவிடும். நகம் ஒவ்வொரு பிடிப்பிலும் சிறிது வளைகிறது, அந்த வளைவுக்கு இது இசைந்து கொடுப்பதில்லை. வெந்நீரும் சோப்பும் தொடர்ந்து பட்டால் பிடிப்பு தளரும். சற்று அதிகமாக ஊற்றிவிட்டால், காற்றோட்டமில்லாத அறையில் அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து கல்லைச் சுற்றி வெண்ணிறமாகப் படிந்து பளபளப்பையே மறைத்துவிடும். திறந்து வைத்த குப்பியும் டர்பனின் கோடைப் புழுக்கத்தில் விரைவில் கெட்டியாகிவிடுகிறது. எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் தோலைச் சுடும் அளவுக்கு வெப்பம் எழும், சிந்தியதைப் பஞ்சால் ஒற்றி எடுக்கக் கூடாது.

நகப் பசையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் கல் வரும் இடத்தில் மட்டும் டாப் கோட்டின் வழவழப்பை 180 எண் அரத்தால் மெல்லத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ஊசிமுனை அளவு பசை வைத்து, கல்லை வைத்தபின் அசைக்காமல் விட வேண்டும். ஒரு மாலை விருந்துக்கு அது தாங்கும். வாரக்கணக்கில் நிற்கும் என்று வாக்குக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

டாப் கோட்டிலேயே கல்லை வைத்து விளக்கில் காட்டிவிடுவது இரண்டாவது வழி. அந்தப் பூச்சு மெல்லியது, கல்லைச் சுற்றி எழும்பி நிற்காது. எஸ்.எஸ். 3 அளவுள்ள பொடிக் கற்களுக்கு மட்டும் போதும். அதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது வழியான ஸ்டோன் ஜெல்தான் இன்று பெரும்பாலான மேசைகளில் இருக்கிறது. என் தேர்வும் பெரும்பாலும் அதுவே. கெட்டியாகவும் ஓடாமலும் இருக்கும்படி தயாரிக்கப்பட்ட ஜெல் இது. நல்ல ஸ்டோன் ஜெல்லை ஒரு குச்சியால் தொட்டு எடுத்தால் எழும் கூர்முனை அப்படியே நிற்கும். அரை நிமிடத்தில் படிந்து தட்டையாகிவிட்டால் அது பில்டர் ஜெல்லுக்கு வேறு பெயர் ஒட்டியதாகவே இருக்கும். அந்தக் கெட்டித்தன்மையால் கல் வைத்த இடத்திலேயே நிற்கிறது, விளக்குக்குள் கையை நுழைக்கும்போது சரிவதில்லை. கல்லை அழுத்தும்போது பிதுங்கி வரும் ஜெல் சுற்றிலும் ஒரு சிறு விளிம்பாக எழுவதுதான் உண்மையான பிடிப்பைத் தருகிறது. இறுகிய பின்னும் நகத்தோடு ஓரளவு வளைந்துகொடுப்பதால் சயனோஅக்ரிலேட்டைப் போல் உடைந்து விடுவதில்லை.

எந்த அடுக்கின்மேல் வைப்பது என்பதில் தொழில் செய்பவர்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. நிறப் பூச்சு இறுகியதும் அதன் மேற்பரப்பில் பிசுபிசுப்பான ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த அடுக்கை முழுதாக இறுகவிடாததால் அது உண்டாகிறது. அதைத் துடைக்காமல் அதன்மேலேயே ஸ்டோன் ஜெல்லை இட்டால் இரண்டும் ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். டாப் கோட்டைப் பிறகு கல்லின் அடிவரை மெல்லிய தூரிகையால் கொண்டு வந்து முடிப்பார்கள். மற்றவர்கள் டாப் கோட் முழுவதையும் முடித்துவிட்டு அதன்மேல் கல் வைப்பார்கள். துடைக்கத் தேவையில்லாத வகை டாப் கோட் கண்ணாடி போல் வழவழப்பானது, பிசுபிசுப்பும் இல்லை; அங்கே அரத்தால் தேய்க்காமல் வைத்த எதுவும் நீடிக்காது. நீடிக்க வேண்டும் என்பவர்களுக்கு முதல் முறையே சிறந்தது என்பது என் கருத்து. ஏற்கெனவே போட்டு முடித்த நகத்தில் பிறகு ஆசைப்பட்டுக் கல் கேட்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது முறையைக் கையாளலாம்.

விளக்கில் காட்டுவதிலும் அவசரம் கூடாது. உள்ளங்கையைக் கீழே வைத்து 60 நொடி காட்டுவதோடு நிறுத்தாமல், கையை இடப்புறம் சாய்த்து 30 நொடி, வலப்புறம் சாய்த்து 30 நொடி, பிறகு கட்டைவிரலைத் தனியாக நேராக வைத்து ஒரு நிமிடம் என்று காட்டினால் பக்கவாட்டு ஒளி கல்லின் அடிக்குப் போகும். கல் வைக்கும்போது ஜெல்லைக் குவியலாகக் கொட்டாமல், கல்லின் விட்டத்தைவிடச் சற்றே அகலமாக மட்டும் இடுவதும் இதே காரணத்துக்காகத்தான். எஸ்.எஸ். 10 அல்லது 12 வரை ஸ்டோன் ஜெல்லை நம்பலாம். அதற்குமேல் அது தனியாக நிற்கும் வழியன்று.

பெரிய கற்களுக்குப் பில்டர் ஜெல்லில் பதிக்கும் முறை பொருந்தும். நகத்தின் உருவத்தையே அமைக்கும் தடித்த ஜெல் இது. முதலில் கல் அமரும் இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்றை இட்டு, கல்லே இல்லாமல் முழுதாக இறுக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் கல்லுக்கு அடியில் வரும் ஈரமான ஜெல்லின் கனம் மிகக் குறைந்துவிடும். பிறகு ஒரு பொட்டு ஜெல் வைத்துக் கல்லை அமர்த்தி, சில நொடிகள் காட்டி நிலைநிறுத்தி, கல்லைச் சுற்றிலும் நுண்தூரிகையால் விளிம்பு எழுப்பி, வளைவால் விழுந்த இடைவெளியை நிரப்பி, மறுபடி முழு நேரமும் காட்ட வேண்டும். விளிம்பு கல்லின் இடுப்புவரை, அதாவது அகலம் அதிகமாக உள்ள இடத்தை ஒட்டி வந்தால் போதும். அதைத் தாண்டி மேல் பட்டைகளை மூடக் கூடாது. பட்டைகளின்மேல் ஜெல் படிந்தால் கல் செத்துப்போகும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, இறுகிய ஜெல்லுடையதும் ஏறத்தாழ அதுவே. இரண்டுக்கும் வேறுபாடு இல்லாதபோது ஒளிக்குப் பட்டையின் இருப்பே தெரியாமல் போய்விடுகிறது. “பாதுகாப்புக்காகக் கல்லுக்கு மேலேயும் ஒரு கோட் போட்டுவிடுங்கள், அக்கா” என்று கேட்பவர்களிடம் நான் ஒரு கல்லைப் பாதி மூடிக் காட்டிவிடுவதுண்டு. மூடிய பாதி வெறும் கண்ணாடிச் சில்லாகவே தெரியும்.

பெரிய கல்லைச் சுற்றிப் பொடிக் கற்களையும் மணல் போன்ற உலோக மணிகளையும் நெருக்கி வைப்பது அழகுக்காக மட்டும் அன்று. முடியும் சேலை நூலும் நுழையக்கூடிய இடத்தை அவை அடைத்துவிடுகின்றன, பக்கத்திலிருந்து வரும் இடியையும் தாங்கிக்கொள்கின்றன. சரிகைப் பட்டு உடுத்துபவர்களுக்கு இது மிகவும் தேவை; கொசுவம் மடிக்கும்போது ஓர் இழை சிக்கினால் கல்லும் போகும், சேலையும் போகும். பில்டர் ஜெல்லின் குறைகளும் இல்லாமலில்லை. தடித்து இட்டால் இறுகும்போது நகம் சுடும். கையை உடனே வெளியே இழுத்து ஆறவிட்டு மறுபடி வைக்க வேண்டும், அல்லது விளக்கிலுள்ள மெதுவான நிலையில் காட்ட வேண்டும். நேரமும் கூடுதலாகும். கழற்றுவதும் எளிதன்று.

ஐந்தாவது, அக்ரிலிக். பொடியும் திரவமும் கலந்து தூரிகையில் உருண்டையாக எடுத்து வைக்கும் பழைய முறை. பொடியில் உள்ள பென்சாயில் பெராக்சைடும் திரவத்தில் உள்ள அமீனும் சந்திக்கும்போது வேதிவினை தானாகத் தொடங்கி, சில நிமிடங்களில் உருண்டை கெட்டியாகிவிடும். ஒளியே தேவையில்லை என்பதுதான் இதன் பெரும்பலம்: எவ்வளவு பெரிய கல்லானாலும், அடியில் எவ்வளவு அடர்த்தியான ரசம் இருந்தாலும், நடுப்பகுதியும் விளிம்பைப் போலவே இறுகும். மின்சாரமும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்க மின் நிறுவனமான எஸ்காமின் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மின்கலம் இல்லாத விளக்கை நம்பியிருந்த மேசைகள் நடுவேலையில் நின்றுபோயின. அக்ரிலிக் கற்றிருந்தவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். மின்வெட்டு இப்போது பெருமளவு அடங்கியிருந்தாலும், திருமணத்துக்கு முந்தைய நாள் வேலையை எடுப்பவர்கள் மின்கலம் உள்ள விளக்கையாவது வைத்திருப்பது நல்லது.

அக்ரிலிக்கின் திரவம் நெடி மிகுந்தது. சிறிய அறையில் சன்னலைத் திறந்து வைக்காமல் செய்யக் கூடாது. எத்தில் மெதாக்ரிலேட் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மெத்தில் மெதாக்ரிலேட் நகத்தை அளவுக்கு மீறி இறுகப் பிடித்து, கல் எங்காவது மாட்டும்போது நகத்தையே கிழித்துக்கொண்டு போகும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ஜெல்லின்மேல் அக்ரிலிக் வைப்பதானால் பிசுபிசுப்பைத் துடைத்து, அந்த இடத்தை அரத்தால் சொரசொரப்பாக்கிய பின்னரே வைக்க வேண்டும். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். உருண்டை ஈரமாக இருந்தால் ஓடும், காய்ந்திருந்தால் கல்லைப் பற்றாது. வீட்டில் முதல் முறையாகச் செய்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

நகைக் கைவினைக்கான இ-6000 போன்ற பசைகளைப் பலர் விசாரிக்கிறார்கள். அவை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும், ஆவியும் கெடுதலானது. காலணிக்கும் கைப்பைக்கும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

விழுந்த கல்லை எறிந்துவிடாமல் எடுத்துப் பார்ப்பது, எந்த வழி நமக்கு ஒத்துவரும் என்பதை எந்த விளம்பரத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும். கல்லைப் புரட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியிலோ கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கியோ பாருங்கள். அடியில் வட்டமாகக் கெட்டியான ஜெல் ஒட்டியிருந்து, நகத்தில் அந்த இடம் வழுவழுப்பாக இருந்தால், பிசகியது நகத்தின் பக்கம்: டாப் கோட்டைத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது கைப்பூச்சின் எண்ணெய் இருந்திருக்கிறது. ஜெல் முழுவதும் நகத்தில் பள்ளமாக நின்று, அந்தப் பள்ளத்தின் அடியில் வெள்ளி நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால், ஜெல் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ரசம்தான் கல்லிலிருந்து உரிந்திருக்கிறது. அது மலிவுக் கல்லின் குறை, பசையை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. சுற்றிலும் கெட்டியான வளையமும் நடுவில் பல்குத்தியால் தொட்டால் நூலாக இழுபடும் ஈர ஜெல்லும் இருந்தால், ஒளி உள்ளே போகவில்லை: அடுத்த முறை கல்லைச் சிறிதாக்க வேண்டும், அல்லது பில்டர் ஜெல்லுக்கோ அக்ரிலிக்குக்கோ மாற வேண்டும். கல்லின் அடியில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் விளிம்பில் இருந்த சிறு விரிசல் வழியாகத் தண்ணீர் போய் ரசத்தைக் கெடுத்திருக்கிறது.

நடுவில் ஈரமாக மிஞ்சும் ஜெல்லைப் பற்றி இன்னொரு கவலையும் உண்டு. ஜெல்லில் உள்ள அக்ரிலேட் இறுகாத நிலையில் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகலாம். வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, நகத்தோரம் சிவப்பு, சில நேரம் தொட்டுக்கொண்ட கண்ணிமையிலும் வீக்கம் என்று அது தெரியவரும். ஹெமா எனப்படும் சேர்மம் உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று குறிக்கும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி செய்தது, டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடையும் செய்துவிட்டது. அந்த விதிகள் தென்னாப்பிரிக்காவைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், புதிதாக வாங்குபவர்கள் ஹெமாவும் டி.பி.ஓ.வும் இல்லாத வகை என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுப்பதில் நட்டமில்லை. நகக்கண்ணிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளியே கல்லை வைத்து, தோலில் வழிந்த ஜெல்லை விளக்கில் காட்டுவதற்கு முன்பே குச்சியால் எடுத்துவிட வேண்டும்.

நம் வீட்டுக் கைகளுக்கென்று சில கணக்குகள் தனியாக உண்டு. நலங்கில் பூசும் மஞ்சள் வெளிர்நிற ஜெல்லில் கறையாக இறங்கும். கல்லின் விளிம்பில் புகுந்தால் துலக்கியும் போகாது. ஆகவே வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் கல் வேண்டும் என்னும் மணப்பெண் நலங்கு முடிந்த பிறகு வருவதே நல்லது. அது முடியாவிட்டால் விளிம்பு இடைவெளியில்லாமல் நிரப்பப்படும் பில்டர் ஜெல் முறையைக் கேட்க வேண்டும். தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைபவர்களும், பெரிய அண்டாவில் பிரியாணி கிளறுபவர்களும் கல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் மறுத்துப் பேசமாட்டேன். வேண்டும் என்றால் வேலை செய்யாத கையின் மோதிர விரலில் எஸ்.எஸ். 5 கற்கள் மூன்று போதும். மருத்துவமனையில் நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரியும் தாதியருக்குக் கல் என்ன, செயற்கை நகமே கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டுக் கைத்தூய்மை வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அவர்கள் விடுப்பில் இருக்கும் வாரத்துக்கு மட்டும் நகப் பசையால் ஒட்டும் உறை நகங்களைப் போட்டுக்கொள்ளலாம்.

எனவே என்னிடம் வருபவர்களுக்கு நான் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன். இரண்டு, மூன்று வாரம் சாதாரண வேலைகளோடு நிற்க வேண்டிய சிறு கற்களுக்கு, நிறப் பூச்சின்மேல் நேரடியாக இட்ட ஸ்டோன் ஜெல். மணப்பெண்ணின் பெரிய கல்லுக்கு, அடியடுக்கை முன்பே இறுக்கிய பில்டர் ஜெல்லும் சுற்றிலும் காவலாகப் பொடிக் கற்களும். எஸ்.எஸ். 20-ஐத் தாண்டும் ரசம் பூசிய கல், கைதேர்ந்தவர் கிடைத்தால், அக்ரிலிக்கில். மெட்ரிக் விருந்து மாலைக்கு, மறுநாள் பள்ளியில் நகத்தைக் காட்டக் கூடாத மாணவிக்கு, நகப் பசையே போதும். அவளுக்கு நீடிப்பதைவிட எளிதாகக் கழல்வதுதான் தேவை. எந்த வழியானாலும் கல்லை நகத்தின் நுனியில் வைக்காமல் நகக்கண் பக்கமாக வைப்பதும், கைப்பேசியைப் பிடிக்கும் ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தைத் தவிர்ப்பதும் பாதி வேலையை முடித்துவிடும்.

தேர்ந்தெடுக்கும் முன் கழற்றுவதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். நகப் பசை அசிட்டோனில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறினால் இளகி, கல் தானாக வந்துவிடும். ஸ்டோன் ஜெல்லிலும் பில்டர் ஜெல்லிலும் பல வகைகள் அசிட்டோனுக்கு அசையாது. முதலில் கல்லை நகவெட்டியின் கூர்முனையால் விளிம்பில் கொத்தி எடுத்துவிட்டு, மிச்சத்தை அரத்தாலோ மின் அரத்தாலோ தேய்த்துக் குறைக்க வேண்டும். அக்ரிலிக் அசிட்டோனில் இளகும், ஆனால் கூடுதல் நேரம் எடுக்கும். பெரிய கல் மேலே மூடியிருந்தால் அசிட்டோன் உள்ளே போகாது என்பதால் அதையும் முதலில் எடுத்துவிட வேண்டும். வெட்டியெடுக்கும்போது கண்ணாடித் துகள் தெறிக்கும். ஒரு கையால் மறைத்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். பல்லால் கடித்தோ மற்றொரு நகத்தால் நெம்பியோ எடுத்தால் கல்லோடு இயற்கை நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும். அது முழுவதும் வளர்ந்து மாறக் கை நகத்துக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்.